கீச்சு கட்டி தட்டுது, வழி சொல்லுங்க

குஜராத்திச் சமையல் கைவந்தவங்க கொஞ்சம் உதவுங்க. அரிசி மாவுல கிளறுற கீச்சுதான் விஷயம். பார்க்க நம்ம வடாம் கூழ் மாதிரி, ஆனா அதைவிடக் கெட்டி.

அளவு: பச்சரிசி மாவு 1 கப், தண்ணீர் 2½ கப், சீரகம் அரை ஸ்பூன், ஓமம் கால் ஸ்பூன், பச்சை மிளகாய் 2 (நசுக்கினது), உப்பு, அப்பளக் காரம் கால் ஸ்பூன். மாவைத் தவிர எல்லாத்தையும் தண்ணீர்ல போட்டு 5 நிமிஷம் கொதிக்க விட்டு, தீயைக் குறைச்சு மாவைக் கொட்டி, பூரிக்கட்டைக் காம்பால கிளறுறது. அப்புறம் எண்ணெய் தடவின தட்டுல 10 நிமிஷம் ஆவி.

சிக்கல் கிளறும்போதுதான். சுண்டைக்காய் அளவு உருண்டை நிக்குது. பிட்டுப் பார்த்தா வெளியே கண்ணாடி மாதிரி வெந்திருக்கு, உள்ளே வெள்ளையா உலர்ந்த மாவு. கொதிநீர் பட்டதும் மேல்தோல் வெந்து, உள்ளே ஈரம் போகவிடாம அடைச்சுக்குது. மாவைப் பச்சைத் தண்ணீர்ல கரைச்சு ஊத்தினா கட்டி இல்லை, ஆனா பசை மாதிரி இழுக்குது. அது கீச்சே இல்லை!

அடுப்பை அணைச்சுட்டு மாவு போடலாமா? 3 கப் தண்ணீர் வச்சா ஆவியில இறுகுமா, கூழாவே நின்னுடுமா? வறுத்த இடியாப்ப மாவு சரிவருமா? அப்பளக் காரத்துக்குப் பதில் சமையல் சோடான்னா எவ்வளவு? அப்பளக் காரம் அரை ஸ்பூன் ஆனாலே மஞ்சளாகி சோப்பு வாடை வருது, அதனால அளவை ஸ்பூன் கணக்கிலேயே சொல்லுங்க.

மேலே ஊத்தக் கடலை எண்ணெயும் வெந்தய ஊறுகாய்ப் பொடியும் தயார். கீச்சுதான் பாக்கி.