கட்டக்கோரையின் கொழகொழப்புக்கு என்ன பெயர் வைப்பது?

இராமநாதபுரம், மொழிபெயர்ப்பாளர்:
எல்லோருக்கும் வணக்கம். மண்டபம், பாம்பன் பக்கம் கட்டக்கோரை போன்ற கடற்பாசி எடுக்கும் பெண்களுக்காக ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அவர்கள் எடுக்கும் பாசியில் என்ன மருந்துப் பொருள் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்று சொல்லும் கையேடு. மூலத்தில் பக்கத்துக்குப் பக்கம் ‘சல்ஃபேட்டட் பாலிசாக்கரைடு’ வருகிறது, சர்க்கரை மூலக்கூறுகள் பல சங்கிலியாகக் கோத்து, அதில் சல்பேட்டு ஒட்டிய பொருள். ‘சல்பேட்டேற்றிய கூட்டுச்சர்க்கரை’ என்று எழுதி நான்கு பேரிடம் வாசித்துக் காட்டினேன். விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபடியே ஓர் அக்கா கேட்டார்: “சர்க்கரையா? அப்ப எனக்கு ஆகாதே, நான் மாத்திரை போடுறேனே.” அதோடு சரி, மீதிப் பேச்சு முழுவதும் சர்க்கரை நோயைப் பற்றித்தான். வேறு சொல் தாருங்கள்.

கோவை, வேதியியல் ஆசிரியர்:
அம்மா, சொல்லில் பிழை இல்லை. அரிசி மாவும் பஞ்சும்கூடக் கூட்டுச்சர்க்கரைதான். முதல் பக்கத்தில் இரண்டு வரி விளக்கம் போட்டால் தீர்ந்தது. பயந்துகொண்டு சொல்லை மாற்றினால், ஒரே பொருளுக்குத் தாய் ஒரு பெயரும் பள்ளிக்கூடம் போகும் மகள் ஒரு பெயரும் சொல்வார்கள்.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
சர்க்கரை என்பதே வடசொல் வழி வந்தது. ‘சர்க்கரா’ என்றால் முதலில் பருக்கைக் கல், மணல். பிறகுதான் இனிப்புக்கு ஆயிற்று. தமிழிலும் இதே வழியில் நடந்த ஒரு சொல் இருக்கிறது: அயிர். நுண்மணலுக்கும் அதுவே பெயர், கண்டசருக்கரைக்கும் அதுவே. இரண்டு மொழியும் மணலைப் பார்த்துத்தான் இனிப்புக்குப் பெயர் வைத்திருக்கின்றன. ஆகவே ‘பல்லயிர்’ என்கிறேன். ஒற்றையயிர், ஈரயிர், பல்லயிர் என்று வரிசையும் அமைகிறது. நோயின் நினைவும் வராது.

கோவை, வேதியியல் ஆசிரியர்:
ஐயா, சொல் அழகுதான். ஆனால் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மன்னார் வளைகுடாவைப் பற்றி எந்தத் துண்டறிக்கையை எடுத்தாலும் ‘பல்லுயிர்’ இருக்கும். பக்கத்திலேயே ‘பல்லயிர்’ நின்றால் அச்சுப்பிழை என்று மெய்ப்புப் பார்ப்பவரே திருத்திவிடுவார்.

யாழ்ப்பாணம், உயிரியல் ஆசிரியர்:
எங்கள் பாடநூல்களில் பல்சக்கரைட்டு, சல்பேற்று என்றே படிப்பிக்கிறோம். பிள்ளைகளுக்கு விளங்குகிறது. ஆனால் கரையில் வேலை செய்யும் அம்மாவுக்கு அதை வைத்து விளக்க முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ‘கந்தகச் சர்க்கரை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இனிப்பும் வெடிமருந்தும் சேர்ந்த பண்டம் என்று நினைப்பார்கள்.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
சர்க்கரை ஒருபுறம் இருக்கட்டும், ‘பழுப்புப் பாசி’ என்று கையேட்டில் எழுதியிருக்கிறீர்களா? பாசி என்பதே பசுமையில் பிறந்தது. பாசிலை, பாசடை போல ஆதிநீடல், அதாவது முதலெழுத்து நீண்டது. குறுந்தொகையில் பரணர் ஊருண்கேணிப் பாசியை, பிரிவால் மேனியில் படரும் பசலைக்கு உவமை சொன்னாரே, தொடத்தொட விலகி, விட்டவுடன் பரவும் என்று. பாசியும் பசலையும் ஒரே வேர் என்பதால் அந்த உவமை இரட்டிப்பாக இனிக்கிறது. அப்படிப்பட்ட சொல்லின் முன்னால் ‘பழுப்பு’ போட்டால் பழுப்பான பச்சை என்றாகிறது.

இராமநாதபுரம், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, அந்தச் சிக்கல் கரையில் இல்லை. சர்காசம் என்ற பழுப்புப் பாசியை அவர்கள் கட்டக்கோரை என்கிறார்கள். அகர் எடுக்கும் ஜெலிடியெல்லா மரிக்கொழுந்து. கிராசிலேரியா கஞ்சிப் பாசி, காய்ச்சினால் கஞ்சியாகும் என்பதால். வளர்ப்புக்கு வந்த கப்பாபைகஸுக்குக்கூட, வளர்க்கக் கொண்டுவந்த நிறுவனத்தை வைத்துப் ‘பெப்சிப் பாசி’ என்று பெயர் விழுந்துவிட்டது. நாம் இங்கே உட்கார்ந்து தேடுவதற்குள் அவர்கள் வைத்து முடித்துவிடுகிறார்கள்.

பினாங்கு:
இங்கே நோன்பு திறக்கும்போது தட்டில் வெட்டிவைக்கும் கடப்பாசியைத்தான் எங்களுக்குத் தெரியும். கடற்பாசி என்றாலே அந்த இனிப்பு. அகர்-அகர் மலாய்ச் சொல். பாசியிலிருந்து எடுக்கும் இன்னொரு கூழ்ப்பொருளான கராஜீனன் என்பதும் அயர்லாந்துக் கரையில் ஒரு பாசிக்கு இருந்த பெயரிலிருந்து வந்தது, சிறு பாறை என்று பொருள். அறிவியலே கரையோரத்தில் கேட்டு எழுதிக்கொண்டதுதான். நீங்களும் அங்கேயே கேளுங்கள்.

சென்னை, மருந்தியல் ஆய்வு மாணவர்:
ஐயா, அக்கா, சொல்லுக்கு முன்னால் பொருளில் ஒரு திருத்தம் வேண்டும். எல்லாவற்றையும் ‘சல்பேட்டேற்றிய’ என்று சொல்லக்கூடாது. கட்டக்கோரையில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று ஆல்ஜினேட், 1881இல் ஸ்டான்ஃபோர்டு கண்டது. அதில் சல்பேட்டு கிடையாது. கால்சியம் ஆல்ஜினேட் துணியைப் புண்ணில் வைத்தால், புண்நீரிலுள்ள சோடியத்தை வாங்கிக்கொண்டு கால்சியத்தை விட்டுவிடும். துணி அங்கேயே கூழாகிப் புண்ணை ஈரமாக வைத்திருக்கும். மருத்துவமனைகளில் இது நெடுநாளாகப் புழங்குகிறது. இன்னொன்று ஃபியூகாய்டன், 1913இல் கைலின் பிரித்தெடுத்தது. சல்பேட்டு இதில்தான். அதன் எதிர்மின்னூட்டத்தால் ஹெப்பாரின் என்ற மருந்து போல இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. சில வைரசுகள் செல்லில் ஒட்டுவதையும் ஆய்வகத்தில் தடுத்திருக்கிறது. புற்றுநோய் பற்றிப் பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் சோதனைக்குழாயும் எலியும்தான். ‘புற்றுநோயைக் குணமாக்கும்’ என்று ஒரு வரிகூட வரக்கூடாது, அக்கா. பெயரை எப்படி வேண்டுமானாலும் வையுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இராமநாதபுரம், மொழிபெயர்ப்பாளர்:
நன்றி தம்பி. அந்த வரி மூலத்தில் இருக்கிறது. எடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன். அகர், கராஜீனன், ஆல்ஜினேட் மூன்றுக்கும் பொதுவாக ‘பாசிக்கூழ்’ என்று வைக்கலாமா? கொலாய்டுக்குக் கூழ்மம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கஞ்சிப் பாசி என்ற பெயருக்கும் ஒத்துப்போகிறது. ஃபியூகாய்டனைப் பெயராகவே எழுதிவிடுகிறேன்.

யாழ்ப்பாணம், உயிரியல் ஆசிரியர்:
எனக்குச் சம்மதம்.

பினாங்கு:
எனக்கும். கூழ் என்றால் கண்ணில் தெரிகிறது.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஒப்புகிறேன். அயிரை மட்டும் யாராவது குறித்து வையுங்கள்.

இராமநாதபுரம், மொழிபெயர்ப்பாளர்:
நேற்று அதே அக்காவிடம் மெய்ப்பை வாசித்தேன். சர்க்கரை என்ற பேச்சே எழவில்லை. “கட்டக்கோரையைக் கசக்குனா கொழகொழன்னு வருமே, அதுதானே?” என்றார். அதேதான் என்றேன். உடனே, “கூழுன்னா குடிக்கலாமா?” என்று கேட்டார். ஆகவே, ‘இது குடிக்கும் கூழ் அல்ல, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பாசிச் சத்து எதையும் உண்ண வேண்டாம்’ என்று கட்டம் கட்டிச் சேர்த்திருக்கிறேன். நாளைக் காலை அச்சகத்துக்குப் போகிறது.

கோவை, வேதியியல் ஆசிரியர்:
போகட்டும் அம்மா, தடுக்கவில்லை. ஆனாலும் என் மறுப்பு இருக்கட்டும். கூழ் என்பது பொருள் இருக்கும் நிலை. பொருளின் இனம் அல்ல. தண்ணீர் வற்றிக் காய்ந்து பொடியான ஆல்ஜினேட் மூட்டையில் வந்து இறங்கும்போது அதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்?