லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு எல் சால்வடோர் மக்கள் தந்தது மலிவான உழைப்பு மட்டும்தானா?

வைகறை (இழையைத் தொடங்கியவர்)

குடியேற்றம் பற்றிய சென்ற இழையில், எல் சால்வடோரிலிருந்து வந்தவர்கள் லாஸ் ஏஞ்சலிசுக்கு மலிவான உழைப்பையும் தெருச் சண்டைக் கும்பல்களையும் தவிர வேறு எதையும் தரவில்லை என்று நண்பர் கல்தச்சன் எழுதியிருந்தார். அதை மறுத்து எழுதவே இந்தத் தனி இழை.

1980 முதல் 1992 வரை மத்திய அமெரிக்காவிலுள்ள அந்தச் சிறிய நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ 75,000 பேர் மாண்டார்கள். அங்கே மக்களைக் கொன்ற இராணுவத்துக்கு அமெரிக்க அரசே பணமும் ஆயுதமும் கொடுத்துவந்ததால், தப்பி வந்தவர்களை அகதிகள் என்று ஒப்புக்கொள்ள அதற்கு மனம் வரவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் அவர்கள் கொடுத்த அடைக்கல விண்ணப்பங்களில் நூற்றுக்கு மூன்றுகூட ஏற்கப்படவில்லை. மெக்கார்தர் பூங்காவைச் சுற்றியுள்ள வெஸ்ட்லேக், பீக்கோ யூனியன் பகுதிகளில் நெருக்கடியான அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய இம்மக்கள், எந்த நாளும் பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்படலாம் என்ற அச்சத்தோடு வாழ்ந்த அதே ஆண்டுகளில்தான் தங்களுக்கான அமைப்புகளைத் தாங்களே எழுப்பினார்கள். சட்ட உதவி செய்யும் கரேசென் மையமும், 1980-இல் சுட்டுக் கொல்லப்பட்ட பேராயர் ரொமேரோவின் பெயர் தாங்கிய மருத்துவ நிலையமும் 1983-இல் பிறந்தவை.

அவர்கள் நீதிமன்றத்துக்கும் போனார்கள். பிடிபட்ட சால்வடோர்காரர்களை மிரட்டி, 'நானே விரும்பித் திரும்பிப் போகிறேன்' என்ற தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை லாஸ் ஏஞ்சலிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் 1988-இல் தடைசெய்தது. அடைக்கலம் கேட்கும் உரிமை உண்டு என்பதை அவர்களுக்கு அதிகாரிகள் சொல்லியாக வேண்டும் என்றும் ஆணையிட்டது. 1991-இல் தேவாலயங்கள் தொடுத்த இன்னொரு வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டில், ஒருவருக்கு அடைக்கலம் தருவதை வெளியுறவுக் கொள்கையை வைத்து முடிவுசெய்யக் கூடாது என்பதை அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது. இவற்றை 'மலிவான உழைப்பு' என்ற கணக்கில் எங்கே சேர்ப்பீர்கள்?

கல்தச்சன்

வைகறை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொன்னவை எல்லாம் அவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டவை. நான் கேட்பது நகரத்தின் கணக்கு.

எண்பதுகளின் தொடக்கம்வரை அங்குள்ள பெரிய அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்தவர்களில் பெரும்பகுதியினர் கறுப்பின மக்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. குடும்பம் நடத்தப் போதுமான கூலியும் மருத்துவக் காப்பீடும் இருந்தன. கட்டட உரிமையாளர்கள் அந்த வேலையைச் சங்கமில்லாத ஒப்பந்த நிறுவனங்களிடம் ஒப்படைத்தார்கள். அந்நிறுவனங்கள் மத்திய அமெரிக்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் புதிதாக வந்தவர்களை மிகக் குறைந்த கூலிக்கு அமர்த்தின. காப்பீடு போயிற்று, கூலி சரிந்தது, பழைய தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். வந்தவர்கள் நல்லவர்களா என்பதை நான் கேட்கவே இல்லை. அவர்களுடைய வரவால் யார் இழந்தார்கள் என்பதை எழுதாத பாராட்டு எனக்கு நேர்மையானதாகத் தெரியவில்லை. எம்.எஸ்-13 கும்பலையும் நீங்கள் குறிப்பிடாமல் விட்டுவிட்டீர்கள்.

வைகறை

கறுப்பினத் தொழிலாளர்கள் இழந்தது உண்மை. அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்.

ஒப்பந்ததாரர்கள் எதிர்பார்த்தது, ஆவணமில்லாதவர்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்பதை. வந்தவர்களிலோ, சங்கத்தில் சேர்ந்தால் உயிரே போகும் என்ற நாட்டில் சங்கம் நடத்திப் பழகியவர்கள் இருந்தார்கள். வேலை போய்விடும் என்ற மிரட்டல் அவர்களிடம் எடுபடவில்லை. 'துப்புரவாளர்களுக்கு நீதி' என்ற இயக்கத்தில் அவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். 1990 ஜூன் 15 அன்று செஞ்சுரி சிட்டி பகுதியில் ஊர்வலமாகப் போனவர்களைக் காவல்துறையினர் தடியால் அடித்து நொறுக்கினார்கள். பலருக்கு எலும்பு முறிந்தது, கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்தது. அந்தக் காட்சி தொலைக்காட்சியில் வந்தபின், அவர்களை வேலைக்கு வைத்திருந்த துப்புரவு நிறுவனத்தின் நியூயார்க் தொழிலாளர்களைக் கொண்ட சங்கமும் தன் பலத்தைக் காட்டவே, நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பத்தாண்டு கழித்து, 2000-இல், ஏறத்தாழ 8,500 துப்புரவாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்கள். இவர்கள் அனைவரும் சால்வடோர்காரர்கள் அல்லர். மெக்சிகோ, குவாத்தமாலா நாட்டவரும் பெருமளவில் இருந்தார்கள். ஆனாலும், ஆவணமில்லாத தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டவே முடியாது என்று அமெரிக்கத் தொழிற்சங்கங்களே நம்பியிருந்த காலத்தில், அந்த நம்பிக்கை பொய் என்று காட்டியவர்களில் இவர்களுக்கு முதன்மையான இடம் உண்டு.

கும்பலைப் பற்றிக் கேட்டீர்கள். எம்.எஸ்-13 எல் சால்வடோரிலிருந்து வந்ததன்று. எண்பதுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில், ஏற்கெனவே இருந்த கும்பல்களுக்கு நடுவே வளர்ந்த அகதிச் சிறுவர்களிடையே உருவானது. தொண்ணூறுகளில், குறிப்பாக நாடுகடத்தலை எளிதாக்கிய 1996-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, அமெரிக்கா அவர்களை நாடுகடத்தியபோது, போரில் சிதைந்து கிடந்த அந்த நாட்டுக்கு அது ஏற்றுமதியாயிற்று. அந்தக் கும்பல்கள் முதலில் மிரட்டிப் பணம் பறித்தது பீக்கோ யூனியனின் கடைக்காரர்களிடம்தான்.

நெய்தல்மகள்

நான் இந்நகரில் வசிப்பவள். இருவரும் துப்புரவுத் தொழிலையே பேசுகிறீர்கள். வீட்டுக்குள் நடக்கும் வேலை உங்கள் கண்ணில் படவில்லை. இந்நகரின் நடுத்தரக் குடும்பங்களில் தாயும் தந்தையும் வேலைக்குப் போக முடிவதற்கும், தனியே இருக்கும் முதியவர்கள் குளித்து உண்டு உறங்குவதற்கும் பின்னால், சால்வடோர்ப் பெண்கள் பலரின் உழைப்பு இருக்கிறது. குழந்தை பார்ப்பவர்களுக்கும் முதியோரைக் கவனிப்பவர்களுக்கும் மிகைநேரக் கூலி உண்டு என்ற கலிஃபோர்னியாச் சட்டம் வந்ததே 2013-இல்தான். அதற்காகப் போராடியவர்கள் வீட்டு வேலை செய்யும் பெண்கள். அதேபோல, மாவைத் தட்டி, உள்ளே பாலாடைக்கட்டியும் பயறும் லொரோக்கோ மொட்டும் வைத்துக் கல்லில் சுட்டு, புளித்த முட்டைக்கோசுடன் தரும் புபூசாவை நடைபாதையில் விற்பது நெடுங்காலம் குற்றமாக இருந்தது. விற்பனையாளர்கள் பல ஆண்டுகள் முறையிட்ட பிறகு, 2018-இல் மாநிலச் சட்டம் தெருவியாபாரத்தைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. இன்று அந்தச் சட்டத்தின் நிழலில் எல்லா நாட்டவரும் தெருவில் விற்கிறார்கள். வெர்மான்ட் சாலையின் ஒரு பகுதிக்கு எல் சால்வடோர் வீதி என்று 2012-இல் மாநகரம் பெயர் சூட்டியதைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கல்தச்சன்

நெய்தல்மகள் சொன்ன வீட்டு வேலையை நான் எண்ணிப் பார்க்கவில்லை என்பதை ஏற்கிறேன். கும்பல் பற்றி வைகறை தந்த விளக்கமும் சரியே. கூலியைப் பொறுத்தவரை என் கருத்து மாறவில்லை: 1990-இல் மீட்கப்பட்ட கூலி, அதை முதலில் இழந்தவர்களின் கைக்குத் திரும்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2001-இல் எல் சால்வடோரை உலுக்கிய இரண்டு நிலநடுக்கங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்த சால்வடோர்காரர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேருக்கு, நாடுகடத்தப்படாமல் அங்கேயே தங்கி வேலை செய்யும் தற்காலிகப் பாதுகாப்பு கிடைத்தது. வழக்கமாகப் பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை அதை நீட்டித்து வந்தார்கள். 2018 ஜனவரியில் அதை முடித்துவிடுவதாக அரசு அறிவித்தபோது, 'இவர்கள் எவ்வளவு பங்களித்திருக்கிறார்கள் பாருங்கள்' என்று ஆதரவாளர்கள் பட்டியல் போட்டார்கள். பயன்படுகிறவர் மட்டும் இருக்கலாம் என்ற வாதத்தை அந்தப் பட்டியலே வலுப்படுத்துகிறது. நோயாளிக்கும் முதியவருக்கும் அதில் எந்த இடம்?

வைகறை

அந்த எச்சரிக்கை நியாயமானது. நான் இந்த இழையைத் தொடங்கியது அவர்கள் எதையும் தரவில்லை என்ற கூற்றை மறுக்க. தங்கும் உரிமையை அதைக் கொண்டு நிறுவ அன்று. இருபது ஆண்டுக்கும் மேலாக அங்கே வரி கட்டி, அங்கேயே பிள்ளை பெற்று வாழ்கிறவருக்கு நிரந்தர உரிமை தரவேண்டும் என்பதற்கு அவர் அங்கே வாழ்ந்த வாழ்க்கையே போதும்.

கல்தச்சன்

அதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை, ஆனால் என் காரணம் வேறு. எண்பதுகளில் ஒப்பந்ததாரர்களால் கூலியை அப்படி உடைக்க முடிந்ததற்குக் காரணம், வந்தவர்களின் கையில் ஆவணம் இல்லாததுதான். தற்காலிக உரிமையும் பறிக்கப்பட்டால் அதே நிறுவனங்கள் அதே விளையாட்டை மறுபடி தொடங்கும். இந்த முறை வேலையிழப்பவர்கள், 1990-இல் அடி வாங்கிச் சங்கத்தைக் கட்டிய அதே துப்புரவாளர்களாக இருப்பார்கள்.