தாத்தா தோளில் ஒரு கை

நான்: எல்லோருக்கும் வணக்கம். இறுதி ஆண்டுக்கு 10 நிமிட ஆவணப்படம் எடுக்க வேண்டும். நம் குடும்பத்தைத்தான் எடுக்கிறேன். பழைய போட்டோக்களை டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், தரம் குறையாது.

சித்தி: வேறு குடும்பம் கிடைக்கவில்லையா 😄

அத்தான்: 10 நிமிடமா? பெரிய மாமா பேச ஆரம்பித்தால் போதாதே.

அத்தை: 📷 5 படங்கள்

நான்: அத்தை, டாக்குமெண்ட்டாக…

அத்தை: அதெல்லாம் எனக்கு வராது. நேரில் வந்து எடுத்துக்கொள்.

பெரியப்பா: என் கல்யாண ரோல் இருக்கிறது. சூப்பர் 8. வீட்டில் படம் எடுக்க கோடாக் 1965இல் கொண்டுவந்த பிலிம் வகை. 50 அடி நீளம். நொடிக்கு 18 பிரேம் வீதம் ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடி. ஒலி கிடையாது. டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை. அசிடேட் பிலிம் சிதையும்போது அப்படித்தான் வரும். பக்கத்தில் இருக்கும் ரோலையும் கெடுக்கும். சுருங்கிப்போயிருக்கும், புரொஜக்டரில் ஓட்டவே கூடாது, கிழிந்துவிடும். ஸ்கேன்தான் செய்ய வேண்டும்.

சித்தப்பா: நம் வீட்டில் 3 நிமிடம் 20 நொடி சத்தமே இல்லையா! பத்திரமாக வையுங்கள்.

சித்தி: 😂😂

நான்: அத்தை, 3ஆவது படத்தில் வலது ஓரத்தைக் கத்தரித்திருக்கிறார்கள். தாத்தா தோளில் வளையல் போட்ட கை மட்டும் தெரிகிறது. பெரிய அத்தையா?

பெரியப்பா: ரோலை ஈரமில்லாத, குளிர்ந்த இடத்தில் வைப்பது நல்லது.

அப்பா: இப்போது எதற்கு அது? தனியாகப் பேசு.

அத்தை: தனியாகப் பேசலாம், தனியாகப் பேசலாம் என்றே இத்தனை வருடம் ஓடிவிட்டது. கத்தரி யார் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

சித்தப்பா: அக்கா, பிள்ளைகள் இருக்கிற குழு.

அத்தான்: பிள்ளைக்கு 31 வயது, மாமா.

நான்: பெரியப்பா, ரோலில் பெரிய அத்தை இருக்கிறார்களா?

பெரியப்பா: பார்த்து வெகு நாளாயிற்று.

அத்தை: இருக்கிறாள். வாசலில் நின்று யாரிடமோ ஏதோ சொல்வாள். என்ன சொன்னாள் என்றுதான் கேட்காது.

அப்பா: ஸ்கேனுக்கு யார் பணம் கொடுப்பது?

சித்தி: அது இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருகிறீர்களா இல்லையா? போன முறை மாதிரி கடைசி நேரத்தில் சொல்லாதீர்கள்.

அத்தை: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: படித்துவிட்டேன்.

அத்தான்: நானும்.

பெரியப்பா: சரி, ரோலைத் தருகிறேன். முதலில் நான் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு.

நான்: ஓட்டவே கூடாது என்றீர்களே?