பேர்லினில் ஸூலா ஏன் வரவில்லை?

உப்புவெளியான்:
வாடைக்காற்றும் மழையுமாக வீட்டுக்குள் கிடந்த நேரம் ‘கோல்ட் வார்’ பார்த்தேன். பாவ்லிகோவ்ஸ்கி 2018இல் எடுத்த போலந்துப் படம். கறுப்பு வெள்ளை, பழைய ரீவி மாதிரிச் சதுரத் திரை, ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. நாட்டார் பாட்டுச் சேகரிக்கும் விக்தோர், அவன் குழுவில் சேரும் பாடகி ஸூலா. 1949இலிருந்து 1964 வரை சேர்வதும் பிரிவதும்தான் கதை.

எனக்கு விளங்காதது 1952, கிழக்கு பேர்லின். இரண்டு பேரும் மேற்குப் பக்கம் ஓடுவதாகப் பேச்சு. அவன் குளிரில் காத்து நிற்கிறான், அவள் வரவேயில்லை. பேர்லினைப் பிரித்த சுவர் கட்டியது 1961இல்தானே, நடந்தே போயிருக்கலாம். ஏன் போகவில்லை? படம் ஒன்றும் சொல்லாமல் பாரிஸுக்குத் தாவிவிடுகிறது.

கோட்டடிப் பொடியன்:
அவள் உளவு சொன்னவள் அண்ணை. குழுவை நிர்வகிக்கும் கச்மாரெக்கிடம் விக்தோரைப் பற்றிச் சொன்னதாக அவளே ஒப்புக்கொள்கிறாள். நம்பினது அவன் பிழை.

சங்கீத ரீச்சர், திருகோணமலை:
தம்பி, தகப்பனைக் கத்தியால் குத்தின வழக்கு அவள் தலைக்கு மேல் இருந்தது. கேட்டால் சொல்லாமல் என்ன செய்வாள்? அதை மறைக்காமல் அவனிடமே சொன்னாளே.

வராததற்குக் காரணம் பாட்டு. விக்தோருக்கு பியானோ இருக்கிறது, எந்த ஊர் கிளப்பிலும் வாசித்துப் பிழைப்பான். அவளுக்கு இருப்பது அந்த மொழியும் அந்த மேடையும். இங்கே திருவிழா மேடையில் ராணி மாதிரிப் பாடின என் மாணவிகள் சிலர் வெளிநாடு போனபின் வாயே திறக்கவில்லை. ‘இரண்டு இதயங்கள்’ பாட்டைக் கவனியுங்கள். முதலில் ஒரு கிராமத்துச் சிறுமி பாடுகிறாள், பிறகு குழு பாடுகிறது, பாரிஸில் அது ஜாஸ் ஆகிறது. கடைசியில் விக்தோரின் பழைய காதலி எழுதின பிரெஞ்சு வரிகளில் இசைத்தட்டாக வருகிறது. ஸூலா அதைத் தூக்கி எறிகிறாள். பேர்லினில் அவள் பயந்தது இதற்குத்தான் என்பது என் எண்ணம்.

இயக்குநரின் தாய் தகப்பன் பெயரும் ஸூலா, விக்தோர்தான். படத்தை அவர்களுக்கே சமர்ப்பித்திருக்கிறார். அவர்களும் பிரிந்து பிரிந்து சேர்ந்தவர்கள். சுவர் விழ முன்னர், 1989இல் இருவரும் இறந்தார்கள். பெற்றோரின் சண்டையில் பிள்ளைக்கு எல்லாமா தெரியும்? வருடங்களைத் தாவுவது எனக்கு உறுத்தவில்லை.

உப்புவெளியான்:
சரி ரீச்சர், அப்படியென்றால் 1957இல் மட்டும் ஏன் பாரிஸ் வந்தாள்?

சங்கீத ரீச்சர், திருகோணமலை:
அப்போது ஒரு இத்தாலிக்காரனைக் கட்டி, சட்டப்படி கடவுச்சீட்டோடு வந்தாள். விக்தோர் கூட்டி வந்ததாக இல்லை, தன் காலில். அந்தக் கலியாணம் தேவாலயத்தில் நடக்கவில்லை, அதனால் கணக்கில்லையாம்! அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன்.