அப்பா அம்மா பிரிந்தபின் தாத்தா பாட்டி பேரப்பிள்ளையைப் பார்க்க மனு போடலாமா?

குறுக்குக்கேள்வி:
"தாத்தா பாட்டிக்குச் சட்டப்படி உரிமை இருக்கு, கேட்டால் கோர்ட் கொடுத்துவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நம்பி யாரும் வக்கீலிடம் ஓட வேண்டாம். 1890 பாதுகாவலர் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது, 1956 இந்து இளவர் (மைனர்) சட்டத்திலும் கிடையாது. இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு கணவன் மனைவி வழக்குக்குள்ளே வரும் உத்தரவுக்குத்தான். அப்பாவுக்குக் கிடைக்கும் நேரத்திலேயே அவர்களும் வந்து பார்க்கட்டுமே.

தாழைக்குளம்:
தனிப் பிரிவு இல்லை, சரி. வழியே இல்லை என்பது தவறு. 1984 குடும்ப நீதிமன்றச் சட்டம் 7-வது பிரிவின் விளக்கத்தில், குழந்தையின் காவலோடு (கஸ்டடி) அதைப் பார்க்கும் அனுமதியும் சேர்ந்தே இருக்கிறது. பெற்றோர் மட்டும்தான் கேட்கலாம் என்று அதில் இல்லை. மகன் இறந்துவிட்டாலோ, வெளிநாட்டில் இருந்துகொண்டு வராமலே போனாலோ, நீங்கள் சொல்லும் "அப்பாவின் நேரம்" எங்கே இருக்கிறது?

மனு தோற்பது வேறு இடத்தில். குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் போட வேண்டும் (1890 சட்டம், பிரிவு 9). மருமகள் பிள்ளையோடு கோவைக்குப் போய்விட்டார், தாத்தா சென்னையில் போடுகிறார். அதிகார வரம்பு இல்லை என்று மனு திரும்பி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அடுத்த தவறு, கஸ்டடியே கேட்பது. ஐந்து வயதுக்குள் பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம்தான். பார்க்க மட்டும் கேளுங்கள்.

குறுக்குக்கேள்வி:
பிள்ளையின் அம்மா பக்கத்தையும் பாருங்கள். விவாகரத்து, ஜீவனாம்சம், கஸ்டடி என்று ஏற்கெனவே மூன்று வாய்தா. நாலாவதாக மாமனார் மாமியார் மனு. ஒவ்வொன்றுக்கும் லீவு போட வேண்டும், பிள்ளையும் பள்ளியை விட்டு வர வேண்டும். இதில் பிள்ளைக்கு என்ன நலன்? பல சமயம் மகனின் சண்டையைத்தான் தாத்தா பெயரில் நடத்துகிறார்கள்.

தாழைக்குளம்:
அப்படி நடப்பது உண்மை, மறுக்க மாட்டேன். அதனால்தான் மனுவில் மருமகளைப் பற்றி ஒரு குற்றச்சாட்டும் எழுதக் கூடாது என்கிறேன். பிள்ளையை யார் குளிப்பாட்டினார்கள், யார் பள்ளிக்குக் கொண்டுவிட்டார்கள், எத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தார்கள்: இதை மட்டும் எழுதி, பள்ளி அடையாள அட்டை, தடுப்பூசி அட்டை மாதிரி ஆதாரம் வையுங்கள். பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயது என்றால் நீதிபதி அதன் விருப்பத்தையும் கேட்கலாம் (1890 சட்டம், பிரிவு 17(3)). சொல்லிக்கொடுத்த பேச்சு அங்கே உடனே தெரிந்துவிடும்.

வெள்ளைக்காகிதம்:
இருவரும் தொடாத விஷயம், உத்தரவின் வாசகம். "இரு தரப்பும் கலந்து பேசி வசதியான நாளில்" என்று வாங்கினால் அது செல்லாக்காசு. முதல் சனிக்கிழமை காய்ச்சல், அடுத்த சனிக்கிழமை டியூஷன். உத்தரவை அமல்படுத்தக் கேட்டு நிறைவேற்று மனு போட்டாலும் எதை மீறினார்கள் என்று காட்ட முடியாது. "மாதத்தின் 2-வது, 4-வது சனி, காலை 10 முதல் 12, நீதிமன்ற வளாகக் குழந்தைகள் மையம், தவறினால் அடுத்த நாள் அதே நேரம்" என்று கேளுங்கள். ஊர் தூரம் என்றால் வீடியோ கால். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பிள்ளை தன்னோடு இல்லாத பெற்றோர் தினமும் 5–10 நிமிடம் பேசலாம் என்றது. அது பெற்றோருக்குச் சொன்னது; தாத்தா பாட்டிக்கு வாரம் ஒருமுறை கேட்டால் அம்மாவுக்கும் லீவு போட வேண்டியதில்லை.

குறுக்குக்கேள்வி:
வீடியோ கால் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நேரில் பார்ப்பதை மட்டும், அப்பா உயிரோடு உள்ளூரில் இருக்கும்வரை, தனி மனுவாக ஏற்க மாட்டேன்.