எடைச்சீட்டை டேட்டாபேஸில் இன்செர்ட் செய்ததும், அது தானாகப் போடும் வரி எண்ணை (ஐடி) எப்படி வாங்குகிறீர்கள்?

கோத்தகிரி உறுப்பினர்:
இலை கொள்முதல் ஷெட்டில் சாயங்காலம் ரெண்டு தராசும் ஒரே நேரத்தில் ஓடும். சீட்டுக்கு ஒரு டேபிள், மூட்டைவாரி எடைக்கு இன்னொன்று. சீட்டைப் போட்டுவிட்டு 'செலக்ட் மேக்ஸ்(ஐடி)' என்று இருப்பதிலேயே பெரிய எண்ணை எடுக்கும் புரோகிராம்கள் இன்னும் ஓடுகின்றன. அந்த இரண்டு வரிக்கும் நடுவில் அடுத்த தராசு ஒரு சீட்டு போட்டால் போதும், ஒருத்தர் பறித்த 42 கிலோ இன்னொருத்தர் கணக்கில் ஏறிவிடும். எர்ரரே வராது. பட்டுவாடா அன்றைக்குத்தான் தெரியும்.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், கடைசியாகப் போட்ட ஐடியைத் தரும் லாஸ்ட்_இன்செர்ட்_ஐடி() கனெக்‌ஷனுக்குத் தனி. பக்கத்துத் தராசு குறுக்கே வராது. ஆனால் கனெக்‌ஷன் பூல் (மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பு) இருந்தால், இன்செர்ட்டும் இதுவும் ஒரே கனெக்‌ஷனில் போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 0 வரும், அல்லது அந்தக் கனெக்‌ஷனில் முன்பு விழுந்த பழைய எண் வரும். 0 வந்தால் உடனே பிடித்துவிடலாம். பழைய எண்தான் ஆபத்து.

குன்னூர் உறுப்பினர்:
ஆமாங்க. அதோடு, 5 மூட்டையை ஒரே இன்செர்ட்டில் போட்டால் அது தருவது முதல் மூட்டையின் ஐடி, கடைசியுடையது இல்லை.

எஸ்க்யூஎல் சர்வரில், கடைசி ஐடியைத் தரும் @@ஐடென்டிட்டி பக்கமே போகாதீங்க. ஆடிட் ட்ரிக்கர் (இன்செர்ட் நடந்ததும் தானாக ஓடும் கோட்) லாக் டேபிளில் ஒரு வரி எழுதினால், அந்த லாக் வரியின் எண் கைக்கு வரும். ஸ்கோப்_ஐடென்டிட்டி() சரி. பல வரிகளுக்கு அவுட்புட் இன்செர்ட்டட்.ஐடி, டேபிளில் ட்ரிக்கர் இருந்தால் இன்டூ சேர்த்து டேபிள் வேரியபிளில் வாங்க வேண்டும், வெறும் அவுட்புட் எர்ரர் அடிக்கும்.

ஜாவாக்காரர்களுக்கு: ரிட்டர்ன்_ஜெனரேட்டட்_கீஸ் மட்டும் கொடுத்தால் ஆரக்கிள், வரி இருக்கும் இடத்தைக் காட்டும் ரோஐடியைத் தரும். ஐடி இருக்கும் நெடுவரிசையின் (column) பெயரைக் கொடுத்துக் கேளுங்க.

மஞ்சூர் உறுப்பினர்:
போஸ்ட்கிரெஸ்ஸில் 'ரிட்டர்னிங் ஐடி' என்று இன்செர்ட்டிலேயே கேட்டுவிடலாம். மரியாடிபி 10.5, எஸ்க்யூலைட் 3.35 முதல் அவற்றிலும் உண்டு. எனக்கு இதைவிடச் சுத்தமான வழி தெரியவில்லை.

மழையில் டவர் போகும் ஊர்களுக்கு இன்னொன்று. இன்செர்ட் ஆகிவிடும், பதில் போனுக்கு வந்து சேராது; போன் மறுபடி அனுப்பும், அதே மூட்டைக்கு ரெண்டு சீட்டு. போனிலேயே ஒரு யூயூஐடி (வேறெதோடும் மோதாத நீளமான அடையாள எண்) உண்டாக்கி, அது சேரும் நெடுவரிசையை யூனிக் ஆக்குங்கள். 'ஆன் கான்ஃபிளிக்ட் டூ நத்திங்' போட்டால், வரி ஏற்கெனவே இருக்கும்போது ரிட்டர்னிங் வெறுமையாக வரும். 'டூ அப்டேட்' போட்டு அதே யூயூஐடியைத் திரும்ப எழுதினால் பழைய ஐடி கிடைத்துவிடும்.

கோத்தகிரி உறுப்பினர்:
அந்த ஐடியையே சீட்டு நம்பராக அச்சடிக்காதீர்கள். இன்செர்ட் ரத்தாகி ரோல்பேக் ஆனாலும் எடுத்த எண் திரும்பாது, நடுவில் ஓட்டை விழும். 118-க்கு அடுத்து 120 என்று பார்த்தால் விவசாயி நியாயமாகவே கேட்பார். சீட்டு நம்பருக்குத் தனி கவுன்டர் டேபிள் வைத்து, அதன் எண்ணைச் சீட்டு இன்செர்ட் ஆகும் அதே ட்ரான்சாக்‌ஷனுக்குள் ஏற்றுங்கள்.