சமையலறை கபினெட்: பலகையா, சிமெண்டா?

புது வீட்டுக்காரன்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. கபினெட்டை நானே செய்யப் போகிறேன். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பெட்டி, மேலே ரப்பர் மரப் பலகை. அம்மா செங்கல் கட்டி சிமெண்டு போடச் சொல்கிறார். உங்கள் கருத்து?

கொத்தனார் மகள்: அம்மா சொல்வதுதான் சரி, தம்பி. சிங்க் அடியில் குழாய் ஒரு வாரம் கசிந்தாலே போதும், பலகை உப்பிவிடும். அப்புறம் கரையான் வேறு. செங்கல் கால் எழுப்பி, கம்பி கட்டி சிமெண்டு ஊற்றி, மேலே டைல்ஸ் ஒட்டு. முன்னால் அலுமினியக் கதவு. கறிச்சட்டியைக் கொதிக்கக் கொதிக்க இறக்கி வைக்கலாம், அம்மி வைத்து அரைக்கலாம்.

உளிக்காரன்: அக்கா, உப்புவது மரச் சிதறலை ஒட்டிச் செய்யும் சிப்போர்டு. நல்ல பிளைவுட் அவ்வளவு சீக்கிரம் போகாது. தண்ணீர் நுழைவது பலகையின் முகத்தில் அல்ல, வெட்டிய ஓரத்தில். சிங்குக்காக அறுத்த ஓட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஓரத்துக்கு இரண்டு முறை எப்பாக்ஸி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) பூசி, சிங்க் விளிம்பில் சிலிக்கான் போட வேண்டும். பெட்டியைத் தரையில் உட்கார வைக்காமல் 10 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் காலில் நிறுத்தினால், தரை கழுவும் தண்ணீரும் ஏறாது, கரையான் மண்ணும் கண்ணில் பட்டுவிடும்.

கொத்தனார் மகள்: சரி, பெட்டியை விடு. மேலே ரப்பர் மரமாம்! அதில் மாவுச்சத்து அதிகம், பூச்சிக்கும் பூஞ்சைக்கும் விருந்து. அதற்காகத்தான் போரான் மருந்து ஏற்றிக் காயவைத்து விற்கிறார்கள். அந்த மருந்தோ தண்ணீரில் கரைந்து வெளியேறும். சிங்க் பக்கத்தில் அதை வைப்பது அநியாயம்.

உளிக்காரன்: சிங்க் பக்கம் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். அங்கே கிரானைட் போடட்டும். காய் நறுக்கும் பக்கம் ரப்பர் மரம் இருக்கட்டும். 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை முன்பெல்லாம் விறகாக எரித்தார்கள். நம் பாட்டிமார் விடியற்காலையில் பால் வெட்டிய மரம் நம் வீட்டு மேசையாக இருப்பதில் எனக்குப் பெருமைதான்.

தாமான்வாசி: குவார்ட்ஸ் கல் (குவார்ட்ஸ் தூளைப் பிசினில் இறுக்கிய செயற்கைக் கல்) வாங்கி வீட்டிலேயே அறுத்தால் என்ன?

உளிக்காரன்: வேண்டவே வேண்டாம். அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும். ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது.

புது வீட்டுக்காரன்: அடுப்புப் பக்கம்?

கொத்தனார் மகள்: அங்கேயாவது சிமெண்டு போடு. 5 சென்டிமீட்டர் தளம் சதுர மீட்டருக்கு 120 கிலோ வரும், கால் உறுதியாக இருக்கட்டும். டைல்ஸ் இடுக்குக்கு எப்பாக்ஸி கிரவுட் போட்டால் மஞ்சள் கறை எளிதில் பிடிக்காது.

உளிக்காரன்: ஊற்றுவதற்கு முன் அம்மாவை நிற்க வைத்து முழங்கைக்குச் சற்றுக் கீழே உயரம் குறித்துக்கொள் தம்பி. பலகைப் பெட்டியின் காலைத் திருகி ஏற்றலாம், இறக்கலாம். சிமெண்டை உடைக்கத்தான் வேண்டும். அதனால்தான் மற்ற பக்கமெல்லாம் பலகை என்கிறேன்.

கொத்தனார் மகள்: உயரம் சரியாகக் குறித்தால் ஏன் உடைக்கப் போகிறோம்? எனக்கு முழுக்கச் சிமெண்டுதான்.